காற்றுக்குக் குறுக்கே

கொட்டகையின் நடுவில், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், காற்று பாதியாகக் குறைந்தது.

ஜெகதீஸ்வரி காற்றின் வேகத்தை அளக்கும் மீட்டரை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் நீட்டிப் பிடித்தாள். வட்டச் சட்டத்துக்குள் இருந்த குட்டி விசிறி சோம்பலாகச் சுற்றியது. இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தாள். விசிறி விர்ரென்று வேகம் பிடித்தது, எண் மூன்றைத் தொட்டது. பழைய இடத்துக்கு வந்தாள். ஒன்றரைக்கு விழுந்தது. வலப்பக்கம் போனாள். மறுபடி மூன்று.

முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். விசிறி மாட்டிக் காற்றை அளக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அத்தனை பேரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மீட்டரை முன்னால் பிடிப்பார்கள். ஆளின் உடம்பு காற்றை மறைத்துவிடும். மீட்டர் என்ன செய்யும், அந்த மறைவைத்தான் அளந்து காட்டும். குறுக்கே நிற்காதே, பக்கமாக நில் என்று அவளே எத்தனையோ பேரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டிருக்கிறாள். இப்போது அவள் பக்கமாகத்தான் நின்றாள். கையையும் முழுசாக நீட்டியிருந்தாள். மீட்டருக்கும் காற்று வரும் முனைக்கும் நடுவில் தூண் இல்லை, தீனிக் குழாய் இல்லை, தொங்குகிற ஒரு கயிறுகூட இல்லை.

கோழிக் கொட்டகை என்றால் கம்பிவலையும் கீற்றுக் கூரையும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் சிம்பாங் அம்பாட் பக்கம் வந்து பார்க்க வேண்டும். இது ஜன்னலே இல்லாத ஒரு நீளப் பெட்டி. முன் முனையில் தண்ணீர் வழிகிற அட்டைச் சுவர். பின் முனையில், எல்லோரும் வால் என்று சொல்கிற பக்கத்தில், ஆளுயர விசிறிகள். விசிறிகள் உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும். அந்த இழுப்புக்கு ஈரச்சுவர் வழியாகப் புதுக்காற்று குளிர்ந்து ஓடி வரும். எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு உள்ளே வந்தாக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. தொழிலின் முதல் பாடம் அது. முன்னால் உட்கார்ந்திருக்கும் கோழிக்குப் புதுக்காற்று கிடைக்கும். வாலில் இருப்பதற்கு, முன்னால் இருக்கும் அத்தனையும் மூச்சு விட்டு மிச்சம் வைத்ததுதான் கிடைக்கும். ஊர் உலகமே இந்தக் கொட்டகை மாதிரிதான் கட்டியிருக்கிறது என்று ஜெகதீஸ்வரிக்கு ஓர் எண்ணம். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

அவள் தம்பி கிஷன் வால் பக்கத்தில்தான் வேலை பார்த்தான்.

வெளியே நடுப்பகல் வெயில் தகரக் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது; உள்ளே, கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருப்பதற்காகப் போட்ட மங்கலான நீல விளக்குகளின் கீழ், எந்நேரமும் அந்தி சாய்ந்தபடியே இருக்கிற அந்தப் பெட்டிக்குள், விசிறிகளின் ஓயாத உறுமலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான தொண்டைகளின் முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருக்க, எச்சத்தின் காரநெடி கண்ணோரத்தைக் கடிக்க, அவள் மெல்லக் குனிந்து தரையைப் பார்த்தாள்.

கால் வைக்க இடமில்லாமல் அடைந்து கிடந்த கோழிகளுக்கு நடுவில், இரண்டு பாதம் அளவுக்கு ஓர் இடம் வெறுமையாக இருந்தது. வெறும் உமி. அதற்குப் பின்னால், வாலை நோக்கி ஒரு குறுகலான கோடாக, கோழிகள் இறக்கையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் கோழிகள் சும்மா உட்கார்ந்திருந்தன. அந்தக் கோட்டுக்கு மட்டும் காற்று போகவில்லை.

ஜெகதீஸ்வரி மீட்டரை முழங்கால் உயரத்தில் பிடித்தாள். ஒன்றரை. இடுப்பு உயரம். ஒன்றரை. நெஞ்சு, கழுத்து, தலை. கொஞ்சம் அகலமாகிப் பிறகு ஒடுங்கியது அந்த மறைவு. கையை இன்னும் உயர்த்தினாள். சட்டென்று மூன்று.

அந்த உயரம் அவளுக்குத் தெரியும். அவள் தலைக்கு மேலே ஒரு சாண். தம்பியின் மண்டையில் ஒரு குட்டு வைக்க வேண்டுமென்றால் அவள் கை எட்டிப் போகிற உயரம். ஒரு எட்டு பின்வாங்கினாள். ஆனால், சொல்லக் கூசுகிறது, பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் வந்தது.

முன் கதவுக்கு வந்து தள்ளினாள். நகரவில்லை. விசிறிகள் ஓடும்போது உள்ளேயிருந்து அந்தக் கதவைத் தள்ளுவது லேசுப்பட்ட காரியமல்ல. வெளிக்காற்று அதை அழுத்திப் பிடித்திருக்கும். தோளைக் கொடுத்து முட்டியதும் மறுபக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள். பண்ணை மேனேஜர் லாரன்ஸ்.

"என்னா ஈஸ்வரி, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. பசியாறிட்டு வந்தியா இல்லையா?" என்றார் அவர். கழுத்தில் சிலுவை, கையில் கோப்பிப் பொட்டலம். கண்ட்ரோல் அறையின் கண்ணாடி வழியே உள்ளே பார்ப்பாரே தவிர உள்ளே கால் வைத்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"பசியாறிட்டேன் அண்ணே. விசிறியெல்லாம் நல்லாதான் ஓடுது. நடுவுல ஒரு எடத்துல மட்டும் காத்து கொறையுது."

"அதத்தான் நானும் போன்ல சொன்னேன். செத்த கோழியெல்லாம் அங்கதான் கெடக்குது. ஆனா இப்பதான் நடுவுல. போன வாரம் வால் பக்கம் இருந்துச்சு."

"எது?"

"அந்த எடம்தான். நவுந்துகிட்டே வருது லா. ராத்திரி குளுரா இருக்கும்போது முன்னுக்கு வருது. வெயில் ஏறி எல்லா விசிறியும் போட்டா மறுபடி கொஞ்சம் பின்னுக்குப் போவுது. செத்த கோழி பொறுக்குற கமால் உள்ள போவ மாட்டேன்னு மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான்." கோப்பியை உறிஞ்சினார். "மொதலாளி தவுக்கே சொல்லிட்டாரு, இன்னும் ரெண்டு விசிறி போட்டுருவோம்னு. காத்து வேகமா அடிச்சா எல்லாம் சரியாயிரும். வெள்ளிக்கெழம ஏத்திருவியா?"

ஜெகதீஸ்வரி கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிஷன் உள்ளே மாட்டிக்கொண்ட அன்றைக்கு நடந்ததை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், சொல்லிக்கொடுத்த மாதிரி. மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. கத்த வேண்டிய சைரன் கத்தவில்லை, ஏனென்றால் பக்கத்துத் தாமானில் குடியிருப்பவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்ததில் அதன் வயரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். வால் பக்கத்துக் கதவு திறக்கவில்லை, ஏனென்றால் கோழித் திருட்டுக்குப் பயந்து அதற்கு வெளியே பூட்டுப் போட்டிருந்தார்கள். செத்த கோழிகளைப் பொறுக்க உள்ளே போன கிஷன், கும்மிருட்டில், வெந்நீர்ப் பானைக்குள் மூடி வைத்த மாதிரியான புழுக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகிற கோழிகளை மிதித்துக்கொண்டு முன் கதவைத் தேடி நடந்திருக்கிறான். வந்து சேரவில்லை. பாதித் தூரம்கூட வரவில்லை.

விசாரிக்க ஆட்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள். அடுத்த தொகுதிக் குஞ்சுகள் வந்து இறங்கின. கிஷன் ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயோடு கிடந்தான். அவனுக்காக ஒரு மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை.

ஆள் இங்கே இருக்கிறான். நடந்துகொண்டிருக்கிறான்.

அந்த நினைப்பு வந்ததும் ஜெகதீஸ்வரி தன்னையே ஒரு தரம் திட்டிக்கொண்டாள். புக்கிட் தெங்காவில் இத்தனை வருஷம் விசிறியும் மீட்டரும் வைத்துப் பிழைத்தவள் பேசுகிற பேச்சா இது. ஆனால் மீட்டரை எப்படித் திட்டுவது?

பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அம்மா நவமணி வராந்தா நாற்காலியில், காலடியில் பிளாஸ்க்கும் பையுமாக உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டத்தோ கிராமாட்டில் இருந்த வீட்டில் வேலைவெட்டி இல்லாமல் காலை நீட்டிப் படுத்திருந்தவனுக்கு எங்கேயாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தினமும் மகளை அரித்தெடுத்தவள் இதே அம்மாதான். இப்போது அவளுக்கு அதெல்லாம் மறந்துவிட்டது. அக்காக்காரி தம்பியைக் கொண்டுபோய்க் கோழிக் கொட்டகையில் தள்ளினாள் என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"மத்தியானம் மெஷின்ல நம்பர் ரொம்ப எறங்கிப் போச்சு," என்றாள் அம்மா சுவரைப் பார்த்தபடி. "டாக்டருங்க ஓடி வந்தாங்க. காலையில நல்லாதான் இருந்துச்சு. டெய்லியும் இதே கூத்துதான்."

"வெயில் ஏறுனதுக்கு அப்புறமா மா?"

"வெயிலுக்கும் அவனுக்கும் என்னாடி? இங்கதான் ஏர்கோன் போட்டிருக்காங்களே."

ஜெகதீஸ்வரியின் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்த வேளையில் கொட்டகையில் இரண்டு மூன்று விசிறிகள்தான் ஓடும். அவன் முன்னால் வருவான். உச்சி வெயிலில் எல்லா விசிறியும் ஓடும். காற்று அவனை நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளும். இங்கே அவன் எண்கள் கீழே போகும். வெள்ளிக்கிழமை அவள் கையாலேயே இன்னும் இரண்டு விசிறி மாட்டினால் அவன் வாலுக்கே போய்ச் சேர்ந்துவிடுவான்.

"சனிக்கெழம குடும்பத்தோட ஒக்காந்து பேசணும்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் அம்மா. "மெஷின எடுக்கிறதா வேணாமான்னு." பிறகு குரலை உயர்த்தாமல், நேற்றைய சமையலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். "கடவுள் ஆள மாத்திப் புடிச்சிட்டான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை. பிளாஸ்க்கைத் திறந்து தனக்கு மட்டும் கோப்பி ஊற்றிக்கொண்டாள். ஜெகதீஸ்வரி, அழுதால் அதற்கும் ஏதாவது சொல்வாள் என்று எழுந்து உள்ளே போய்த் தம்பியின் காலைத் தொட்டுவிட்டு வந்தாள். கால் சில்லிட்டிருந்தது. உள்ளங்காலைப் புரட்டிப் பார்த்தாள். படுத்தே கிடக்கிறவனின் பாதம், நாளெல்லாம் வெறுங்காலோடு நடந்தவனுடையது போலத் தோலுரிந்து, வெடித்துப்போய் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சும்மா இல்லை, சாலையே தெரியாத மழை. அது விட்ட பிறகு சாயங்காலம் குளுகுளுவென்று ஆனது. ஜெகதீஸ்வரி கொட்டகைக்கு வந்தாள். விசிறி மாட்டும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும், புகை போட்டுப் பார்க்க வேண்டும் என்று லாரன்ஸிடம் சொன்னாள். அவர் தீனி லாரிக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"தனியா இருந்துக்குவியா?"

"இருந்துக்குவேன் அண்ணே. போய்ட்டு வாங்க."

அவர் ஓட்டிப் போன காடி மண்பாதையில் போய் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேலையை ஆரம்பித்தாள்.

இந்தக் குளிருக்குக் கோழிகள் கொஞ்ச நேரம் தாங்கும். ஆட்டோமேட்டிக்கை நிறுத்தினாள். விசிறிகளை ஒன்றொன்றாக அணைத்து ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். அது ஓடினால்தான் கதவுப் பக்கமிருந்து காற்று உள்ளே போகும், அவனுக்கு வழி தெரியும். ஈரச்சுவரின் மேல் படுதாவை இறக்கி அடைத்தாள். கண்ட்ரோல் அறையின் வெளிக்கதவைத் திறந்தாள். கொட்டகையின் முன் கதவை அகலத் திறந்து கல்லால் முட்டுக் கொடுத்தாள். இப்போது இந்த நீளப் பெட்டிக்குள் காற்று வர இருக்கிற ஒரே வழி இந்த வாசல்தான். மழை நனைத்த மண்வாசத்தோடு அது உள்ளே போனது.

மீட்டரை அதன் முக்காலித் தாங்கியில் மாட்டி உள்ளே கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தினாள். அதன் எண்கள் நீல இருட்டில் பச்சையாக எரிந்தன. புகை டப்பாவைப் பற்றவைத்து வாசலின் ஓரத்தில் வைத்தாள். வெள்ளைப் புகை தரையோடு நெளிந்து, எழுந்து, காற்றோடு சேர்ந்து வாலை நோக்கிச் சாவகாசமாகப் போக ஆரம்பித்தது.

விசிறிகளின் உறுமல் அடங்கியதும்தான் அந்த இடத்தில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரிந்தது. கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் சத்தம், தீனிச் சங்கிலி தானாக ஒருமுறை குலுங்கி நிற்கும் சத்தம், உமிக்குள் நகங்கள் பிறாண்டும் சத்தம், அதற்கெல்லாம் கீழே, முணுமுணுத்துக்கொண்டே இருந்த கோழிகள் தூரத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாக வாயடைத்துக்கொண்டே வருகிற, சத்தம் என்றே சொல்ல முடியாத ஒன்று.

நடுவில் ஒரு சலசலப்பு. கோழிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. யாரோ நடந்து வந்தால் ஒதுங்குவது போல. நின்றன. மறுபடி ஒதுங்கின.

"தம்பி," என்றாள் ஜெகதீஸ்வரி. குரல் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி சொன்னாள். "கிஷன். இங்க வா. இங்கதான் கதவு."

சலசலப்பு நின்றது. கேட்கிற மாதிரி நின்றது. பிறகு நேராக வந்தது.

புகை முதலில் ஒரு தோளைக் காட்டியது. எதுவுமே இல்லாத இடத்தில் புகை இரண்டாகப் பிரிந்து, எதையோ சுற்றிக்கொண்டு, பின்னால் சேர்ந்து சுழன்றது. அடுத்து இன்னொரு தோள். குனிந்த தலை. இருட்டில் சுவரைத் தேடுகிறவனுடையது போல முன்னால் நீட்டிய ஒரு கை. விரல்கள் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே புகை ஒழுகியது.

மீட்டரின் பச்சை எண் விழுந்தது. மீட்டரைத் தாண்டிவிட்டான்.

ஜெகதீஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வா, வா என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. எச்ச நெடிக்கு நடுவில் அந்த வாசனை வந்தது. வெளியே கிளம்பும்போதெல்லாம் அவன் கழுத்தில் அப்பிக்கொள்கிற பவுடர் வாசனை. அவள் அழுதாள். இரண்டு கைகளையும் நீட்டி, ஒரு படி முன்னால் வந்து, வாசற்படியில் நின்றாள்.

வாசல் நடுவில்.

காற்று வரும் ஒரே வழியில்.

குறுக்கே.

ஒரு கை தூரத்தில் அது நின்றது. தலை நிமிர்ந்தது. நெற்றியில் புகை வழிந்தது. மூக்கைச் சுற்றி வழிந்தது. கன்னம். தாடை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் புகை உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. அந்த வாய் கோழியின் வாய் மாதிரி திறந்திருந்தது. மேலும் திறந்தது.

நகர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பக்கமாக நில். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

மூச்சை வெளியே விட்டாள். அது போனது. அவளைத் தாண்டி, அந்த வாய்க்குள் போனது. மூச்சை இழுத்தாள். எதுவும் வரவில்லை. மறுபடி இழுத்தாள். நெஞ்சுக்குள் மிச்சம் இருந்ததும் வெளியே போனது. அதற்கு அடியில் இருந்ததும். நெஞ்சு ஒட்டிப்போகிற வரை போனது.

போன அளவுக்கு வந்தாக வேண்டும்.

வரவில்லை. அங்கே போனது.

பவுடர் வாசனை அவள் முகத்தின்மேல் வந்து, முகத்துக்குள் வந்து, பின்னந்தலை வழியாகப் போனது.

புகை தெளிந்தபோது ஜெகதீஸ்வரி வாசலைப் பார்த்தபடி நின்றாள். முதலில் பெரிய ஆறுதலாக இருந்தது. வலி இல்லை. மழைநீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கம், கண்ட்ரோல் அறையின் சிமெண்டுத் தரையில், ஒரு ஜோடி மஞ்சள் பூட்ஸ் குதிகால் மேலாகக் கிடந்தது. இடது பூட்ஸில் அவள் போன வாரம் ஒட்டிய டேப்.

பூட்ஸுக்குள் கால்கள் இருந்தன.

காடி வந்து நிற்கும் சத்தம். லாரன்ஸ் உள்ளே ஓடி வந்தார். தரையைப் பார்த்தார். கண்ணாடி வழியே கோழிகளைப் பார்த்தார். முதலில் அவர் கை போனது கண்ட்ரோலர் சுவிட்சுக்கு. அதற்குப் பிறகுதான் குனிந்தார்.

"ஈஸ்வரி. ஏம்மா, ஈஸ்வரி."

"இங்க இருக்கேன் அண்ணே," என்றாள் அவள்.

அவர் அந்த உடம்பைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தார். முட்டுக் கல்லைக் காலால் தள்ளினார். படுதா உருண்டு ஏறியது. கதவு அவள் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது.

உடம்பின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் அதை எடுத்தார், எதையோ அழுத்தினார். அம்மாவின் குரல் கதவிடுக்கு வழியே கேட்டது. சின்னப் பிள்ளையில் தலை வாரிவிடும்போது கேட்ட குரல். இத்தனை நாளும் மகளுக்குக் கிடைக்காத குரல்.

"ஈஸ்வரி, தம்பி கண்ணு முழிச்சிட்டான்டி. தானா மூச்சு விடுறான். மெஷினே வேணாமாம். எங்கடி இருக்க? சீக்கிரம் வாடி, தங்கம்."

"அம்மா," என்றாள் ஜெகதீஸ்வரி. கதவைத் தள்ளினாள்.

வால் பக்கத்தில், அவள் அணைத்து வைத்த விசிறிகளில் முதலாவது கிளம்பியது.

இரண்டாவது.

கதவு இறுகியது. தோளைக் கொடுத்தாள். தோள் எது, கதவு எது என்று தெரியவில்லை. காற்று ஈரச்சுவர் வழியே பாய்ந்து வந்தது, குளிர்ந்து, புதிதாக, அவள் நெஞ்சில் கை வைத்தது.

மூன்றாவது. நான்காவது.

ஒரு எட்டு பின்னால் போனாள். அவள் வைக்காத எட்டு. மீட்டர் அவளுக்குப் பின்னால் பச்சையாக எரிந்தது. திரும்பிப் பார்த்தாள். ஒன்றரை. பக்கத்தில் யாரும் இல்லை. முன்னால் யாரும் இல்லை.

ஒன்றரை.

இன்னொரு எட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாரன்ஸ் போனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்தார். நேராக அவளைப் பார்த்தார். அவர் கண் அவளைத் தாண்டி மீட்டருக்குப் போனது. அங்கே எண் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு. இரண்டரை. மூன்று. அவள் மீட்டரைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள்.

எல்லா விசிறிகளும் ஓடின. வால் பக்கத்துக் கதவு தூரத்தில், இருட்டில், வெளியே பூட்டோடு இருந்தது. காலடியில் கோழிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி இரண்டு பாதம் அளவுக்கு இடம் விட்டன. அவளுக்குப் பின்னால், ஒரு குறுகலான கோடாக, ஒவ்வொன்றாக, அவை வாயைத் திறந்தன.